வகுப்பறையின் இடத்தைத் திரை பிடிக்குமா?

ஆசிரியர் இல்லாமலே ஒரு பள்ளியை நடத்திவிட முடியுமா என்ற கேள்வி இணையத்தோடு பிறந்ததில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, சென்னை எழும்பூரில் அதற்கு ஒரு விடை சொல்லப்பட்டது. படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்காக அங்கே இயங்கிய இல்லத்துக்கு 1789இல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் பார்த்தார். தம் இல்லத்திலும் அதைக் கொண்டுவர முயன்றபோது அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எழுத்தறிந்த சிறுவன் ஒருவனை அழைத்து, சிறியவர்களுக்கு அவனையே கற்பிக்கச் சொன்னார். சிறியவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் மூத்த மாணவரான திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை இப்படித்தான் கப்பலேறினார். பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட சிறு நூலுக்குப் பிறகு, இந்த ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம், செலவும் குறைவு என்பதுதான் அதன் கவர்ச்சி. ஒப்பிப்பதற்கு மேல் பிள்ளைகள் போகவில்லை என்ற குறை பின்னால் எழுந்தது. 1846இல் இங்கிலாந்து அரசு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்தைத் தொடங்கிய பிறகு அந்த முறை தேய்ந்து மறைந்தது.

இந்தப் பழங்கதையில் இன்றைக்கும் தேவைப்படும் செய்திகள் இரண்டு உண்டு. ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை என்று நாம் ‘பாரம்பரிய’ வகுப்பறை என அழைக்கும் ஏற்பாடு, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதை மாற்றவே முடியாது என்று கருதக் காரணமில்லை. அடுத்தது, ஆசிரியரைக் குறைக்கும் அந்த மலிவான ஏற்பாடு ஏழைப் பிள்ளைகளுக்கென்றே வகுக்கப்பட்டது. இணையவழிக் கல்வி வகுப்பறையை அகற்றிவிடுமா என்று இன்று விவாதிக்கும்போது, இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தபால்பெட்டி முதல் செயற்கைக்கோள் வரை

பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் அறிமுகமான 1840இல், ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடங்களைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். 1858 முதல் லண்டன் பல்கலைக்கழகம், கல்லூரிக்கு வராதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழிசெய்தது. பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான வில்லியம் ஹார்ப்பர், வகுப்பறையில் நடக்கும் படிப்பைவிட அஞ்சல்வழிப் படிப்பின் அளவு பெருகும் காலம் வரும் என்று 1880களிலேயே நம்பிக்கை தெரிவித்தார்.

அஞ்சலுக்குப் பின் திரைப்படம். பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழியும், எல்லாப் பாடங்களையும் சலனப்படத்தாலேயே கற்பிக்கலாம் என்று 1913இல் தாமஸ் எடிசன் சொன்னார். பத்தே ஆண்டுகளில் பள்ளிகள் அடியோடு மாறும் என்பது அவர் கணக்கு. பிறகு வானொலி வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோவில் 1929இல் ‘வான்வழிப் பள்ளி’ தொடங்கியது. அமெரிக்க சமோவாத் தீவுகள் 1964இல் ஒரு படி மேலே போய், பள்ளிப் பாடத்தின் மையத்திலேயே தொலைக்காட்சியை வைத்தன. சுமார் பத்து ஆண்டுகளில் அது துணைக்கருவி என்ற இடத்துக்கு இறங்கிவிட்டது.

இந்தியாவின் முயற்சி இன்னும் பெரியது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ நிகழ்ச்சிகளைக் கொண்டுசேர்த்தது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் என நேரம் பிரிக்கப்பட்டிருந்தது. கல்விக்கெனத் தனிச் செயற்கைக்கோளான எஜுசாட் 2004இல் ஏவப்பட்டது.

இந்த வரிசையைப் படித்துவிட்டு, ஒவ்வொரு தலைமுறையும் ஏமாந்தது, இணையத்திலும் அதுவே நடக்கும் என்று முடிவுகட்டுவது எளிது. அந்த முடிவில் ஓர் ஓட்டை இருக்கிறது. சலனப்படத்தால் மாணவனின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. வானொலிக்கு எதிரே கேட்பவன் தூங்கிவிட்டானா என்று தெரியாது. இணையம் இரண்டையும் ஓரளவு செய்கிறது. ஆகவே பழைய தோல்விகளை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

‘மாற்றிவிடும்’ என்போர்

திரை வகுப்பறையை வெல்லும் என்ற நம்பிக்கைக்கு இரண்டு வேர்கள் உண்டு. முதலாவது, தனிக்கவனம். ஆளுக்கோர் ஆசிரியர் வைத்துப் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரை மிஞ்சினார் என்று 1984இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதினார். எல்லாருக்கும் தனி ஆசிரியர் வைப்பது எந்த அரசுக்கும் கட்டுப்படியாகாது. அந்த இடத்தைக் கணினி நிரப்பட்டும் என்ற கனவு அங்கிருந்து வலுப்பெற்றது. புளூம் சொன்ன அளவு பலன் பிற்கால ஆய்வுகளில் கிடைக்கவில்லை. 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கர்ட் வான்லேன், தனி ஆசிரியரின் பலன் புளூம் கணித்ததில் பாதிக்கும் குறைவு என்று கண்டார். ஆனால் படிப்படியாக வழிகாட்டும் நல்ல கணினி நிரல்களின் பலன், தனி ஆசிரியருக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. இந்தப் பக்கம் நிற்பவர்களின் மிக வலுவான சான்று இதுதான்.

இரண்டாவது வேர், எண்ணிக்கை. 2011இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் த்ருன் இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது சுமார் 1.6 லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் உலகில் பத்தே உயர்கல்வி நிறுவனங்கள்தான் மிஞ்சும் என்று அவர் மறு ஆண்டு கணித்தார். ‘மூக்’ எனப்படும் திறந்த இணையப் பாடங்களை வழங்கும் கோர்செரா, எட்எக்ஸ் ஆகியவையும் 2012இல் வந்தன.

அலை வந்த வேகத்திலேயே வடியவும் செய்தது. த்ருன் தொடங்கிய யுடாசிட்டி நிறுவனம் 2013இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அடிப்படைக் கணிதம், புள்ளியியல் பாடங்களை நடத்தியது. தேர்ச்சி விகிதம் ஏமாற்றம் தர, சில மாதங்களிலேயே திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, 2017-18இல் சேர்ந்தவர்களில் 3.13 விழுக்காட்டினர்தான் முடித்தார்கள் என்றது. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிடம் அது 46 விழுக்காடு. இந்த இடைவெளி நிறையச் சொல்கிறது. பாடம் ஒன்றே, படித்தே தீர்வது என்ற பிடிமானம் உள்ளவருக்கு அது பயன்பட்டது.

இந்த நிலைப்பாட்டின் தீவிர வடிவம் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவுடையது. 1999இல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் கணினியைப் பதித்துவிட்டு, குடிசைப்பகுதிப் பிள்ளைகள் தாங்களாகவே அதைக் கையாளக் கற்றதை அவர் உலகுக்குச் சொன்னார். பிறகு தமிழ் பேசும் காளிக்குப்பம் கிராமத்தில், மூலக்கூறு உயிரியல் பாடத்தை ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் எவ்வளவு கற்பார்கள் என்று சோதித்தார். மதிப்பெண் ஓரளவு உயர்ந்து ஓரிடத்தில் நின்றது. பாடம் தெரியாத, ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண் உடனிருந்து ஊக்கப்படுத்திய பிறகு அது மேலும் ஏறியது. ஆசிரியர் வேண்டாம் என்பதற்காக எடுத்துக்காட்டப்படும் சோதனையே, அருகில் ஒரு மனிதர் வேண்டும் என்பதற்கும் சான்றாகிவிட்டது. உத்தராகண்டில் இதே சுவர்க் கணினிகள் கைவிடப்பட்டுக் கிடந்ததை 2010இல் பாயல் அரோரா பதிவுசெய்தார்.

‘ஊடகம் வெறும் வண்டி’ என்போர்

எந்த ஊடகம் என்பதே பொருட்டல்ல என்பது இரண்டாவது நிலைப்பாடு. 1983இல் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் அதை ஓர் உவமையில் அடக்கினார்: மளிகைச் சாமான் எந்த வண்டியில் வந்தாலும் உண்பவரின் உடல்நலம் சாமானைப் பொறுத்தது, அதுபோல் பாடம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கும், எதன் வழியே வருகிறது என்பது தீர்மானிக்காது. நேர்வகுப்புக்கும் தொலைநிலை வகுப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்ற முடிவுக்கு வந்த 355 ஆய்வுகளை, 1999இல் தாமஸ் ரஸ்ஸல் ஒரே நூலில் தொகுத்தார்.

மறுத்தவரும் உண்டு. சில கற்பித்தல் முறைகள் சில ஊடகங்களில்தான் சாத்தியம் என்றார் ராபர்ட் கோஸ்மா. நிலவின் பிறைகள் ஏன் மாறுகின்றன என்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்குவதும், கோளங்களைத் தன் கையாலேயே சுழற்றிப் பார்க்கும் கணினி மாதிரியில் காட்டுவதும் ஒன்றாகுமா என்ற கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது.

அமெரிக்கக் கல்வித்துறை 2010இல் இறுதிசெய்த தொகுப்பாய்வு, இணையவழி மாணவர்கள் சற்றே மேலான பலன் பெற்றதாகவும், நேர்வகுப்பும் இணையமும் கலந்த முறை இன்னும் மேலானது என்றும் கூறியது. இதைத் திரையின் வெற்றியாகப் பலர் மேற்கோள் காட்டினார்கள். அந்த அறிக்கையே இரண்டு எச்சரிக்கைகளைத் தந்திருந்தது. கலப்பு முறையில் மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் அதில் மிகச் சில.

‘வேறுபாடு இல்லை’ என்ற முடிவின் பலவீனம் சராசரியில் ஒளிந்திருக்கிறது. ஒரு வகுப்பில் சிலர் ஏறி, சிலர் இறங்கினாலும் சராசரி அசையாமல் நிற்கலாம். இறங்கியவர்கள் யார் என்பதை அடுத்த தரப்பினர் தேடிப்போனார்கள்.

‘ஈடில்லை’ என்போர்

அமெரிக்காவின் பெரிய தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில், ஒரே பாடத்தை ஒரே புத்தகம், ஒரே தேர்வுமுறையோடு இணையத்திலும் நேரிலும் நடத்தினார்கள். இணையத்தில் படித்தவர்களின் மதிப்பெண் குறைந்தது. அடுத்த பருவத்தில் படிப்பைத் தொடரும் வாய்ப்பும் குறைந்தது என்று 2017இல் எரிக் பெட்டிங்கரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். ஏற்கெனவே பின்தங்கியவர்களிடம் சரிவு கூடுதலாகத் தெரிந்தது. வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றிய ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன.

பள்ளிப் பருவத்தில் படம் இன்னும் இருண்டது. முழுக்க இணையத்திலேயே இயங்கும் அமெரிக்கப் பள்ளிகளை 2015இல் ஆராய்ந்த ஸ்டான்போர்டு மையம், அங்கே படித்தவர்கள் நேரில் படித்த ஒத்த பிள்ளைகளைவிட வாசிப்பில் 72 நாள்களும் கணிதத்தில் 180 நாள்களும் பின்தங்கினார்கள் என்று மதிப்பிட்டது. அமெரிக்கப் பள்ளி ஆண்டின் நீளமே ஏறத்தாழ 180 நாள்கள்தான். ஆனால் உடல்நலக் குறைவு, சக மாணவர்களின் தொல்லை போன்ற சிக்கல்களால் பள்ளியை விட்டு வந்த பிள்ளைகளும் இத்தகைய பள்ளிகளில் சேர்கிறார்கள். அந்த வேறுபாட்டை எந்தப் புள்ளியியல் முறையும் முழுமையாகச் சரிசெய்துவிட முடியாது.

பிறகு பெருந்தொற்று வந்தது. 2020இல் உலகெங்கும் 160 கோடி மாணவர்களுக்குப் பள்ளி, கல்லூரிக் கதவுகள் மூடின. நெதர்லாந்தில் மூடல் எட்டே வாரம்; வீட்டுக்கு வீடு அதிவேக இணையம் உண்டு. அங்கேயே வீட்டிலிருந்த நாள்களில் பிள்ளைகள் பெரிதாக எதுவும் கற்கவில்லை என்றும், பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60 விழுக்காடு வரை கூடுதல் என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்தியாவில் 2021 ஆகஸ்டில் 15 மாநில, ஒன்றியப் பகுதிகளில் வறிய குடும்பங்களிடையே ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த கணக்கெடுப்பில், கிராமப்புறப் பிள்ளைகளில் 8 விழுக்காட்டினர்தான் முறையாக இணையத்தில் படித்துக்கொண்டிருந்தனர். நகரத்தில் 24 விழுக்காடு. அதே ஆண்டின் ‘ஏசர்’ கல்விக் கணக்கெடுப்பு அறிக்கை, பள்ளியில் சேர்ந்துள்ள கிராமப்புறப் பிள்ளைகளில் 67.6 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகக் கூறியது. அந்த வீடுகளிலும் கால்வாசிப் பிள்ளைகளின் கைக்கு அது வந்ததே இல்லை.

தமிழ்நாட்டு அனுபவம் தனியாகக் கவனிக்கத்தக்கது. 2019இலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டிருந்தது. பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் பாடங்கள் அதில் ஒளிபரப்பாயின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் பள்ளிக்குத் திரும்பினார்கள். கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், அதே ஊர்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்ததைக் கண்டார்கள். கணிதத்தில் இழப்பு மொழியில் இருந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

அதே ஆய்வில் ஆறுதலும் இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. மாலை வேளைகளில் தெருவிலும் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தன்னார்வலர்கள் நடத்திய ‘இல்லம் தேடிக் கல்வி’க்கு அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காட்டுப் பங்கு உண்டு என்று அவர்கள் கணித்தனர்.

பள்ளி பாடம் சொல்லும் இடம் மட்டுமே என்று பார்த்தால் கணக்கு முழுமையாகாது என்பதும் இத்தரப்பினரின் வாதம். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் முதல் 2022இல் தொடங்கிய காலை உணவு வரை, தமிழ்நாட்டில் பள்ளி ஒரு சமையற்கூடமும்தான். பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைக்கு அது பாதுகாப்பு. பெண் பிள்ளைக்கு அது கல்யாணத்தைத் தள்ளிப்போடும் காரணம். திரையில் பாடத்தைக் கொண்டுவரலாம். இவற்றைக் கொண்டுவர இயலாது.

இருந்தாலும் பெருந்தொற்றுக் காலத்தை வைத்து இணையவழிக் கல்வியை எடைபோடுவது முறையா என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. அது திட்டமிட்டு நடந்த கல்வி அன்று. வீட்டுக்குள் முடங்கிய காலத்தின் அவசர ஏற்பாடு. பயமும் பசியும் வேலையிழப்பும் சூழ்ந்த வீட்டில், நேரில் வந்து கற்பித்திருந்தாலும் கற்றல் குறைந்திருக்கும்.

எதற்குப் பதில்?

நான்காவது தரப்பினர் கேள்வியையே திருப்பிப் போடுகிறார்கள். வகுப்பறைக்குப் பதில் திரையா என்று கேட்பதற்கு முன், படிக்க விரும்புபவருக்கு வகுப்பறை கிடைத்ததா என்று கேட்கவேண்டும் என்கிறார்கள்.

1969இல் அரசு சாசனம் பெற்ற பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி கேட்காமல் 1971இல் மாணவர்களைச் சேர்த்தது. இந்தியாவில் டெல்லி பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்க, மதுரையில் 1971இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1979இலும் அது வந்தது. பகலில் அலுவலகம் போனவர்களும் திருமணத்தோடு படிப்பை நிறுத்திய பெண்களும், தபாலில் வந்த பாடப் புத்தகத்தையும் விடுமுறை நாளின் ‘தொடர்பு வகுப்பு’களையும் நம்பிப் பட்டம் பெற்றார்கள். அவர்கள் கல்லூரி வகுப்பை விட்டுவிட்டு வந்தவர்கள் அல்லர். வேறு வழி இருந்திருக்கவில்லை.

இதற்கு நவீன சான்று ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். நேரில் படிக்க சுமார் 45,000 டாலர் ஆகும் கணினி அறிவியல் முதுகலைப் படிப்பை, 2014 முதல் சுமார் 7,000 டாலருக்கு இணையத்தில் வழங்குகிறது. நேரில் படிக்க விண்ணப்பித்தவர்களின் சராசரி வயது 24, இணையவழிக்கு 34. இடம் கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் வேறெங்கும் சேரவில்லை. இந்தப் படிப்பு வகுப்பறையிலிருந்து ஆளை இழுக்கவில்லை, புதிதாக ஆளைச் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள்.

சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இளநிலைப் படிப்பும் இந்த வழியில் வந்தது. ஐ.ஐ.டி.களின் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித்தேர்வில் தேறினால் சேரலாம். பாடம் இணையத்தில், தேர்வு மட்டும் நேரில், மையங்களில். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் ‘என்பிடெல்’ இணையப் பாடங்களின் சான்றிதழுக்கும் நேரடித் தேர்வுதான்.

அரசுக் கொள்கையும் இந்தத் திசையில் மெல்ல நகர்கிறது. ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரையிலான பாடங்களை அரசின் ‘ஸ்வயம்’ இணையக் கல்வித் தளத்தில் படிக்க 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேர்வழிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022இல் அறிவித்தது. எல்லைக்கோடு இல்லாமலும் இல்லை: தொழில்நுட்பப் படிப்புகளை அஞ்சல்வழியில் நடத்தக்கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வகத்தில் கைபழகாமல் பொறியாளர் உருவாக முடியாது என்ற கவலை அதன் அடியில் இருக்கிறது.

இந்த வாதத்தின் பலவீனம், அது வளர்ந்தவர்களுக்கே பொருந்துகிறது என்பதுதான். தானே தேடிவந்து, தானே நேரம் ஒதுக்கிப் படிக்கும் 34 வயதுக்காரரிடம் கண்டதை ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொருத்த முடியாது. வகுப்பறை கட்டாத அரசுக்கு ‘ஒன்றுமில்லாததற்கு இது மேல்’ என்ற சமாதானத்தையும் இது தந்துவிடக்கூடும்.

அறைக்குள் வந்த திரை

நான்கு தரப்பினரும் எடுத்துக்காட்டும் வெற்றிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பள்ளிப் பருவத்தைப் பொறுத்தவரை ஓர் ஒற்றுமை தெரிகிறது. திரை பலன் தந்த இடங்களில் பெரும்பாலும் அதைச் சுற்றி ஓர் அறை இருந்தது. அறையில் பொறுப்பான ஒரு பெரியவர் இருந்தார்.

மெக்சிகோவின் ‘டெலிசெகுந்தாரியா’ 1968இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. பாடத்துக்கோர் ஆசிரியரை அனுப்ப முடியாத கிராமங்களில் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் கூடித் தொலைக்காட்சிப் பாடம் பார்க்கிறார்கள். எல்லாப் பாடங்களுக்குமான ஒரே ஆசிரியர் உடனிருந்து விளக்குகிறார், பயிற்சி தருகிறார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் படிக்கிறார்கள்.

டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளைக் குலுக்கல் முறையில் 619 மாணவர்களிடம் சோதித்து 2019இல் வெளியான ஆய்வு, நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் கணிசமான முன்னேற்றத்தைக் காட்டியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். வகுப்பாசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்த, பிள்ளையோ மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தது. மென்பொருள் அந்த மூன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கியது. வகுப்பறையின் மிகப் பெரிய குறையான ‘எல்லாருக்கும் ஒரே வேகம்’ என்பதை அது தொட்டது. ஆனால் பிள்ளைகள் மையத்துக்கு நேரில் வந்தார்கள். பாதி நேரம் திரை, பாதி நேரம் சிறு குழுவில் ஒரு பயிற்றுநர்.

பெரு நாட்டில் நடந்ததை இதனருகே வைக்கலாம். 319 பள்ளிகளை எடுத்துக்கொண்ட ஆய்வில், பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்ததால் மட்டும் கணித, மொழித் திறனில் மாற்றம் எதுவும் வரவில்லை என்று 2012இல் தெரிந்தது. கருவியை எதற்காக, யார் துணையோடு பயன்படுத்துவது என்ற ஏற்பாடு அதில் போதவில்லை.

சந்தையும் இதே பாடத்தைத் தன் வழியில் கற்றது. 2022இல் 2,200 கோடி டாலராக மதிப்பிடப்பட்ட இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ், 2024இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. அதன் சரிவுக்கு நிதி, நிர்வாகக் காரணங்கள் பல உண்டு. அதை இணையவழிக் கல்வியின் தோல்வியாகச் சுருக்கிவிட முடியாது. ஆனால் அந்த நிறுவனமும், அன்அகாடமியும், பிசிக்ஸ் வாலாவும் 2022இல் ஒன்றன்பின் ஒன்றாக நேரடி டியூஷன் மையங்களைத் திறந்தன. பள்ளிகள் திறந்ததும் பெற்றோர் எதற்குப் பணம் கொடுக்க முன்வந்தார்கள் என்பதற்கு இது ஓர் அறிகுறி.

புதிதாக வந்தவர்

2023இல் இணையக் கல்வி நிறுவனமான கான் அகாடமி ‘கான்மிகோ’ என்ற கணினிப் பயிற்றுநரை அறிமுகப்படுத்திய பிறகு, புளூமின் பழைய கனவு செயற்கை நுண்ணறிவு உருவில் திரும்பியிருக்கிறது. முதற்கட்டச் சான்றுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. ஹார்வர்டு இயற்பியல் மாணவர்களிடம் நடந்து 2025இல் வெளியான சோதனையில், கவனமாக வடிவமைக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுப் பயிற்றுநரிடம் படித்தவர்கள் நல்ல நேர்வகுப்பில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த மாணவர்கள். சோதனையும் இரண்டு பாடங்களோடு முடிந்தது.

துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த கணிதச் சோதனை வேறொன்றைக் காட்டியது. ஜிபிடி-4ஐத் தடையின்றிப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியின்போது 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும் வகையில் மாற்றியமைத்த கருவியில் இந்தச் சேதம் பெரும்பாலும் ஏற்படவில்லை. ஆக, ‘செயற்கை நுண்ணறிவு உதவுமா’ என்ற பொதுக் கேள்விக்கு இப்போதைக்கு ஒற்றை விடை கிடையாது.

எஞ்சியிருப்பவை

சான்றுகள் அனுமதிக்கும் அளவுக்குச் சொன்னால்: உந்துதலும் அடிப்படைத் திறனும் உள்ள வளர்ந்தவர்களுக்கு, குறிப்பாக வேறு வாய்ப்பு இல்லாதவர்களுக்கு, இணையவழிக் கல்வி ஏற்கெனவே ஒரு முழுமையான பாதையாகிவிட்டது. கல்லூரிப் பாடங்களில் ஒரு பகுதி திரைக்கு நகர்வது தொடரும் என்றே தோன்றுகிறது. சிறு பிள்ளைகளுக்கு, பள்ளியில்லாத் திரை ஈடாகும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இதுவரை இல்லை. பள்ளிக்குள் இருக்கும் திரை, ஆசிரியரின் வேலையில் ஒரு பகுதியை, முக்கியமாகப் பின்தங்கிய பிள்ளையை அதன் இடத்திலிருந்தே தூக்கிவிடும் பகுதியை, நன்றாகச் செய்யக்கூடும்.

தீராதவை பல. ஆய்வுகளில் பெரும்பாலானவை மாதக் கணக்கிலானவை. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் கலப்பு முறையில் படித்து வளரும் ஒரு தலைமுறையைப் பின்தொடர்ந்து பார்த்தவர் இல்லை. தேர்வு மதிப்பெண்ணை அளக்கிறோம். சண்டையிட்டுச் சமாதானமாகப் பழகுவதையும், வேறு சாதி, வேறு வசதி கொண்ட பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காருவதையும் எப்படி அளப்பது என்று யாரும் உடன்படவில்லை.

பணத்தைப் பற்றிய கேள்விதான் எல்லாவற்றிலும் அவசரமானது. இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை ஒரே ஆசிரியர் நடத்துகிறார். அங்கே இரண்டாவது ஆசிரியரை நியமிப்பதைவிட ஒரு திரையை மாட்டுவது மலிவு. மெட்ராஸ் முறையை அன்று மலிவுக்காகவே ஏழைகளின் பள்ளிகளில் புகுத்தினார்கள். வசதியுள்ளோர் பிள்ளைகளுக்கு ஆசிரியரும் திரையும், இல்லாதோர் பிள்ளைகளுக்குத் திரை மட்டும் என்ற பிரிவினை உருவாகுமா என்பது தொழில்நுட்பத்தால் முடிவாகக்கூடியதாகத் தெரியவில்லை. அது ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில், ஆசிரியர் நியமனத்துக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு என்ற இரு வரிகளில் முடிவாகும்.

2020இல் தமிழ்நாட்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள், பள்ளி வாசலை மிதிக்காமலே இரண்டாம் வகுப்புக்குப் போனவர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகவேண்டிய ஆண்டில் அவர்களுக்குக் கிடைத்தது கைபேசியும் கல்வித் தொலைக்காட்சியும்தான், அதுவும் கிடைத்தவர்களுக்கு. அவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதப்போவது 2030இல். ஆறே மாதத்தில் ஈடானதாகக் கணக்கிட்ட மூன்றில் இரண்டு பங்கு நிலைத்ததா, மீதி ஒரு பங்கு என்ன ஆனது என்பதை அப்போதுதான் ஓரளவு பார்க்க முடியும்.